உப்புக் கீறல்

அந்த நாற்காலி வேணாம் சார், ஒரு கால் ஆடும். இப்படி பெஞ்சுல உக்காருங்க. ஃபேன் போட முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவ வேல பாக்குற வரைக்கும் இந்தப் பக்கம் காத்து அசையக் கூடாது. கதவிடுக்கு வழியா தூசி போகுமாம். சட்டம். யாரு போட்ட சட்டம்னு கேப்பீங்க. வெளிய போர்டுல ரத்தினம் ஸ்டுடியோன்னு எழுதியிருக்கே, அந்த ரத்தினம் நான்தான். வேதரத்தினம். ஆனா சட்டம் போடுறது நான் இல்ல.

அரை மணி நேரம் ஆகும். எதுக்கு அரை மணின்னு நீங்களே சொல்லுங்க. உள்ள இருக்கிறது ஒரு துண்டு கண்ணாடி. தீப்பெட்டி மேல் அட்டை அளவு கூட இல்ல. அதத் தொடைக்க அரை மணி. நான் அரை மணியில ஒரு கல்யாண மண்டபத்துல ரெண்டு குடும்பத்தையும் வரிசையா நிக்க வெச்சி நாப்பது குரூப் போட்டோ எடுத்துருவேன். அதுவும் மூஞ்சி கோணாம.

பறவ பாக்க வந்தவருதானே நீங்க? சொல்லவே வேணாம், சட்டையே சொல்லுது. பச்ச சட்ட, பச்சத் தொப்பி, கால்சட்டையில பத்து பாக்கெட்டு. கார்த்திகை பொறந்தாப் போதும், கோடியக்கரைக்கு வண்டி வண்டியா வந்து எறங்குறீங்க. லென்ஸு ஒரு முழம் இருக்கும். உள்ள பாத்தா மண்ணு. சதுப்புல நின்னுக்கிட்டு, கடக்காத்துல லென்ஸக் கழட்டி இன்னொண்ண மாட்டுவாங்க. அந்த நேரத்துல கேமரா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். அது வாயில என்ன போகும்? சர்க்கரையா போகும்?

தப்பா எடுத்துக்காதீங்க, உங்களச் சொல்லல. உங்கள மாதிரி ஆளுங்களச் சொல்றேன். போன வாரம் ஒரு டாக்டரு வந்தாரு, சென்னையில பெரிய கையாம். உள்ள இருக்கிற அந்தக் கண்ணாடியில, அதான் சென்சார்ல, தூசி தெரிஞ்சுதுன்னு வாயால ஊதியிருக்காரு. அடுப்பு ஊதுற மாதிரி. தூசி போச்சோ இல்லியோ, எச்சி போயி படிஞ்சிருச்சு. ஊசி போடுற எடத்துல அவரு ஊதுவாரா? இன்னொருத்தரு கம்ப்யூட்டருக்கு அடிக்கிற காத்து டின்ன வாங்கி உள்ள அடிச்சிருக்காரு. அதுலேருந்து என்னமோ தண்ணி மாதிரி பீச்சி, பனி உறைஞ்ச கணக்கா ஆயிருச்சு. எல்லாம் படிச்சவங்க. போன்ல அஞ்சு நிமிஷம் வீடியோ பாத்தவங்க.

இந்தத் தொழிலு இந்தக் கடைக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க. நேரம் போகணும்ல.

மூணு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு. நிலோஃபர்னு பேரு. கோயம்புத்தூர் பக்கம் ஏதோ காலேஜுல ஆராய்ச்சி. பின்னாடி தெருவுல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்துச்சு. என்ன ஆராய்ச்சின்னு கேட்டேன். பூநாரை எத்தன வந்திருக்குன்னு எண்ணுறதாம். எண்ணி? ஒவ்வொரு வருஷமும் கொறையுதா கூடுதான்னு எழுதுறதாம். எழுதி? அதுக்கு மேல நான் கேக்கல. சம்பளம் குடுத்து எண்ணச் சொல்ற கவர்மெண்டு இருக்கு, எண்ணுறதுக்கு ஆளு இருக்கு, நடுவுல நமக்கு என்ன.

எப்படி எண்ணும் தெரியுமா? விடியக்காலையில சதுப்புல முட்டி அளவு சேத்துல நிக்கும். கூட்டம் எழும்பும்போது வானத்தோட சேத்து படம் எடுக்கும். ரூமுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசாக்கி, ஒவ்வொரு புள்ளியா கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணும். தூரத்துல பறக்குறது எல்லாம் வெறும் புள்ளிதான. ஆறு வாரம் அப்படி எண்ணியிருக்கு.

ஒரு நாள் நாலஞ்சு படத்தப் பெருசா பிரிண்டு போடணும்னு வந்துச்சு. நான்தான் கம்ப்யூட்டர்ல தொறந்து பாத்தேன். சார், நான் பாத்த மாத்திரத்துல கண்டுபிடிச்சேன். இருவத்தாறு வருஷம் இந்தக் கண்ணு சும்மா இருக்கல. முன்னால ஒரு படத்தப் பாக்குறேன், பின்னால ஒரு படத்தப் பாக்குறேன். சொன்னேன்:

"மேடம், உங்க பறவையில நாலு பறவ மட்டும் எல்லாப் படத்துலயும் ஒரே எடத்துல பறக்குது."

ஆதார் போட்டோ எடுக்க வந்த ரெண்டு பேரு கடையில இருந்தாங்க. அவங்களும் சிரிச்சாங்க. அது சிரிக்கல. நான் விடுவேனா? கேமராவ வாங்கி, அதுல லென்ஸோட துவாரத்த எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கி, அந்த வெள்ளச் சுவத்த ஒரு படம் எடுத்துக் காட்டினேன். துவாரம் சின்னதா இருந்தாத்தான் தூசி தெரியும், இல்லாட்டி ஒளிஞ்சிக்கும். வெள்ளச் சுவத்துல பதினோரு புள்ளி. பெருசு நாலு, பொடிசு ஏழு. ஒவ்வொரு படத்துலயும் பதினோரு பறவ சும்மா கூட்டியிருக்கு அந்தப் பொண்ணு. எத்தன படம்? ரெண்டாயிரத்துக்கு மேல. படிச்ச படிப்புக்கு ஒரு புள்ளி தூசியா பறவையான்னு தெரியல.

அது கேமராவ ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் கேட்டுச்சு, தொடைக்கிற சாமான் எல்லாம் காலேஜுல கெடக்கு, இத இந்தப் பக்கம் யாரு சுத்தம் பண்ணுவாங்க, கம்பெனிக்கு அனுப்புனா ரெண்டு வாரம் ஆயிருமே, பறவ இருக்குறதே இன்னும் கொஞ்ச நாளுதானேன்னு. இதுக்குப் போயா இவ்வளவு கவலன்னு நான் கையை நீட்டினேன். குடுக்கல. "உங்களுக்கு இது தெரியும்தானே அண்ணே?" அப்படின்னுச்சு. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. எனக்கு எப்படி இருக்கும்? நான் கேமரா புடிச்சப்ப நீங்க பொறக்கவே இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் குடுத்துருச்சு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னு போயிருச்சு.

இப்ப கதவு இருக்கே, அங்க அப்ப ஒரு துணித் திரைதான். உள்ள இவ உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டிட்டு இருந்தா. இவன்னா என் வீட்டுக்காரி, தையல்நாயகி. பதினஞ்சு வருஷமா அதுதான் அவ வேல. வெட்டுறது, கவர்ல போடுறது, கவர் மேல பேரு எழுதுறது. மேசை விளக்கு அவகிட்டதான் இருந்துச்சு, அதனால அவ பக்கத்துல உக்காந்து கேமராவத் தொறந்தேன். காது குடையற பட்ஸு, மூக்குக் கண்ணாடிக்குப் போடுற லிக்விடு. கண்ணாடியத் தொடைக்கிறது கண்ணாடியத் தொடைக்கிறதுதான சார். வேற என்ன மந்திரம்?

இவ எட்டிப் பாத்தா. பாத்துட்டு சொல்றா, கடக்காத்துல நின்ன சாமான், தூசியா இருக்காது, உப்பா இருக்கும், தேய்க்காதீங்கன்னு. எனக்குச் சொல்றா. கேமராவுக்குள்ள என்ன இருக்குன்னு அன்னைக்கு வரைக்கும் பாக்காதவ. கல்யாணத்துக்கு முன்னாடி அகஸ்தியம்பள்ளியில உப்பு பாக்கெட்டு போடுற எடத்துல மூணு வருஷம் வேல பாத்தவ, அதனால எதப் பாத்தாலும் உப்பு. வீட்டுச் சுவத்துல பெயிண்டு உரிஞ்சாலும் உப்பு, சைக்கிள் செயினு துருப்புடிச்சாலும் உப்பு. வாய மூடிட்டு வெட்டுடின்னேன். வெட்டினா.

நாலு பெரிய புள்ளியில மூணு சுலபமா வந்துருச்சு. நாலாவது வரல. கொஞ்சம் அழுத்தினேன். லேசா ஒரு சத்தம். சத்தம்னு கூட சொல்ல முடியாது, வெரலுக்குத் தெரிஞ்சுது, காதுக்குத் தெரியல. புள்ளி போயிருச்சு. மூடி வெச்சிட்டேன். சோதிச்சுப் பாக்க என்ன இருக்கு? புள்ளிதான் போயிருச்சே.

மறுநாள்தான் அந்த சீசன்லயே பெரிய கூட்டம் எழும்புச்சாம். பத்து வருஷத்துல அந்தளவு யாரும் பாக்கலன்னு காட்டிலாகா வாட்சர் சொன்னாரு. வானம் பூரா ரோஸு. இந்தப் பொண்ணு எடுத்துத் தள்ளியிருக்கு. மத்தியானம் கடைக்கு வந்து கேமரா திரையில எனக்குக் காட்டுச்சு. எல்லாப் படத்துலயும் குறுக்கால ஒரு கோடு. துணி காயப் போடுற கொடி மாதிரி, இந்த ஓரத்துலேருந்து பாதி வானம் வரைக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் பட்ஸு பஞ்சு ஒட்டிக்கிட்டு, இழை இழையா. பறவ எது, பஞ்சு எதுன்னு பிரிக்க முடியல.

உக்காருன்னேன், உக்காரல. டீ சொல்றேன்னேன், வேணாம்னுச்சு. கோவமா பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன். அது மெதுவா கேட்டுச்சு. "யாருண்ணே இதத் தொடச்சது?"

நான் பொய் சொல்லல சார். இன்னைக்கு வரைக்கும் சொல்றேன், நான் பொய் சொல்லல. "உள்ள இவதான் இருந்தா" அப்படின்னேன். இருந்தாளா இல்லியா? இருந்தா. அவ்வளவுதான் சொன்னேன். அது அப்படிப் புரிஞ்சிக்கிட்டா நான் என்ன பண்ணுறது? கடையில நாலு பேரு நிக்கிறாங்க. பாஸ்போர்ட்டுக்கு, ஸ்கூல் ஐடி கார்டுக்கு. இருவத்தாறு வருஷப் பேரு. ஒரு பொம்பள தப்பு பண்ணிட்டான்னா யாரும் ஒரு வாரத்துல மறந்துருவாங்க. அவளுக்கு என்ன போர்டா மாட்டியிருக்கு, எறக்குறதுக்கு?

திரை தொறந்துதான் இருந்துச்சு. இவ கத்திரியக் கீழ வெச்சா. என்னப் பாத்தா. நான் நெனச்சேன், இப்ப கத்தப் போறா, வீட்டு வண்டவாளம் எல்லாம் வெளிய வரப் போவுதுன்னு. ஒரு வார்த்த பேசல. சும்மா இருந்தா ஒத்துக்கிட்டதா தான அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

நிலோஃபர் நேரா உள்ள போச்சு. நான் சண்டைன்னு நெனச்சேன். அது என்ன பண்ணுச்சு தெரியுமா, முக்காலிய இழுத்துப் போட்டு இவ பக்கத்துல உக்காந்துச்சு. "அக்கா, அழுவாதீங்க. நானும் என் மொத கேமராவ இப்படித்தான் கெடுத்தேன்" அப்படின்னுச்சு. இவ அழுவவே இல்ல. அதுதான் அழுதுட்டு இருந்துச்சு.

கேமராவ சென்னைக்கு அனுப்புனாங்க. அந்தக் கண்ணாடிய மாத்தணும்னு பதினாறு நாள். அந்தப் பதினாறு நாள்ல பறவையில பாதி வேற எடத்துக்குப் போயிருச்சுன்னு பேச்சு. ஆராய்ச்சிய அந்த வருஷம் முடிக்க முடியல, காலேஜுல இன்னொரு வருஷம் கெஞ்சி வாங்குனாங்க, வீட்டுல கல்யாணத்தத் தள்ளிப் போட்டாங்க, அது இதுன்னு இவ சொல்லுவா. அடுத்த வருஷமும் பறவ வந்துச்சு. எண்ணுனாங்க. இதுல என்ன குடி முழுகிப் போச்சு?

ஆனா அந்தப் பதினாறு நாள் அதுக்கு வேல இல்ல பாருங்க. மத்தியானம் ஆனா இங்க வந்துரும். என்னோட செத்துப் போன பழைய கேமரா ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. அத எறக்கி வெச்சிக்கிட்டு, காலேஜுலேருந்து வரவழைச்ச சாமானோட ரெண்டு பேரும் உள்ள உக்காந்துருவாங்க. நான் வெளிய உக்காந்து கேக்குறேன், நடக்குற பாடத்த. மொதல்ல கதவு ஜன்னல் எல்லாம் சாத்தணும். ஃபேன நிறுத்தி, தூசி அடங்கக் கால் மணி காத்திருக்கணும். பாட்டரி முழுசா ஏறியிருக்கணும், ஏன்னா நடுவுல பாட்டரி தீந்தா சென்சாருக்கு முன்னால தூக்கி நிக்கிற இன்னொரு கண்ணாடி டப்புன்னு கைமேல விழும். அப்புறம் கேமராவக் கவுத்துப் புடிச்சிக்கிட்டு, கீழேருந்து ரப்பர் பந்த அமுக்கி காத்து அடிக்கணும். கவுத்துப் புடிச்சாத்தான் தூசி கீழ விழும். பந்தோட மூக்கு உள்ள போயி எதையும் தொடக் கூடாது. பாதிப் பேருக்கு அதுலயே வேல முடிஞ்சிரும், தொடவே வேண்டியதில்லன்னுச்சு. தொடாம முடியிற வேலைக்கு ஒரு பாடம்.

அதுக்கும் போகலன்னாத்தான் துடைக்கிறதாம். அதுக்குன்னே பட்டையா ஒரு குச்சி வரும், கண்ணாடி அகலத்துக்கு. நுனியில ரெண்டு சொட்டு மருந்து. ஒரு பக்கமா ஒரே இழுப்பு. குச்சியத் திருப்பி மறுபக்கத்தால ஒரு இழுப்பு. அவ்வளவுதான், தூக்கிப் போட்டுரணும். திரும்பத் தொட்டா மொத இழுப்புல வந்த மண்ணே ரம்பமாயிரும். நான் வெளியேருந்து சொன்னேன், ஒரு குச்சிய ஒரு தடவதான் தொடணும்னா மரத்த வெட்டுறவன் பொழப்பு நல்லா ஓடும்னு. ரெண்டு பேரும் சிரிக்கல.

இவளும் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கல சார், எதுத்துப் பேசுனா. இந்த ஊருக்கு இது மட்டும் பத்தாது மேடம்னா. இங்க வர்றது மண்ணு மட்டும் இல்ல, உப்பு. காஞ்ச உப்பு சில்லு மாதிரி. மொத இழுப்புலயே இழுத்தா கீறும். ஈரத்த அது மேல ஒத்தி வெச்சி, கொஞ்சம் ஊற விட்டு, அது எளகுனப்புறம்தான் எடுக்கணும்னா. அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிச்சு. இவ சொல்ல, அது எழுதுது. பத்தாவது பெயிலு சொல்றத ஆராய்ச்சிக்காரி எழுதுது. நான் எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டேன்.

பாக்கப் பாக்க இவ கை எனக்கு எரிச்சலா இருக்கும். அசையாது. பாஸ்போர்ட் போட்டோவ ஆயிரக்கணக்குல வெட்டுன கை. கோடு மாறாது. நான்தான் அந்த வேலைய அவளுக்குக் குடுத்தேன்னு யாரும் நெனச்சிப் பாக்கறதில்ல.

கேமரா சென்னையிலேருந்து வந்துச்சு. மிச்சம் இருந்த பறவையப் போயி எடுத்துச்சு. ஒரு வாரத்துல மறுபடி புள்ளி. கொண்டாந்து யாருகிட்ட குடுத்துச்சு? நான் இங்கதான் நிக்கிறேன், இதே எடத்துல. கையக்கூட நீட்டிட்டேன். என்னத் தாண்டி உள்ள போயி இவகிட்ட குடுத்துச்சு. கீறுனவகிட்டயே. அந்தப் பொண்ணுக்குப் புத்தி இருக்கா இல்லியான்னு எனக்கு அன்னைக்குத்தான் சந்தேகம் வந்துச்சு.

முக்கா மணி நேரம். வெளிய வந்தா. வாசல்ல நின்னு வானத்தப் பாத்து ஒரு படம் எடுத்து, பெருசாக்கிப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. வெறும் வானம். அந்த வெறும் வானத்த ரெண்டு பேரும் அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, அவார்டு வாங்குன படம் மாதிரி. அந்தப் பொண்ணு இவ கையப் புடிச்சிக்கிச்சு. பஸ்ஸுக்குப் போறவங்க எல்லாம் பாத்துட்டுப் போறாங்க.

அப்புறம் அது ஒருத்தர்கிட்ட சொல்ல, அவரு இன்னொருத்தர்கிட்ட சொல்ல, உங்கள மாதிரி ஆளுங்க வர ஆரம்பிச்சீங்க. திரை போயி கதவு வந்துச்சு. கடையில பாதி எடம் அதுக்குப் போச்சு. இப்ப ஆதார் போட்டோ எடுக்க வர்றவங்கள நான் அரை மணி உக்கார வெக்கிறேன், ஃபேன் இல்லாம, வேர்வையோட. பவுடரு கரைஞ்சி வழியுதுன்னு திட்டிட்டுப் போறாங்க. பாஸ்போர்ட் போட்டோ வெட்டுறது இப்ப நான். ஓரம் கொஞ்சம் கோணும். கோணுனா என்ன, மூஞ்சி தெரியுதுல்ல.

இதெல்லாம் பரவால்ல சார். நான் இதச் சொல்ல வரல. நான் சொல்ல வந்தது வேற.

வர்றவங்க எல்லாரும் கேமராவ வாங்கிப் பாத்துட்டு, அசந்து போயி, கடைசியில ஒரு கேள்வி கேப்பாங்க. எங்கம்மா கத்துக்கிட்டீங்க இதன்னு. அதுக்கு இவ ஒரு பதில் வெச்சிருக்கா. "மொத தடவ ஒரு கேமராவக் கீறிட்டேங்க. அதுலேருந்து கத்துக்கிட்டேன்." இதே வார்த்த. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. சொல்லும்போது என்னப் பாக்கவும் மாட்டா.

மொத தடவ சொன்னப்ப, பரவால்ல, புருஷன விட்டுக்கொடுக்காம பேசுறாளேன்னு நெனச்சேன். மனசுல ஒரு மாதிரி நிம்மதியாக்கூட இருந்துச்சு. ரெண்டாவது தடவ, சரி. பத்தாவது தடவ? நாப்பதாவது தடவ? மூணு வருஷம் சார். ஒரு மேடம் சொல்லிக்குடுத்தாங்கன்னு சொல்லலாம். அது உண்மதான? அதச் சொல்ல மாட்டா.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் பெங்களூர்லேருந்து ஒரு அம்மா வந்தாங்க. வயசானவங்க, தமிழு நல்லா பேசுனாங்க. கேட்டாங்க. இவ சொன்னா. அந்தம்மா திரும்பி என்னப் பாத்து, வேற ஆம்பளையா இருந்தா அன்னைக்கே கை நீட்டியிருப்பான், நீங்க பொறுத்துக்கிட்டு கத்துக்க விட்டிருக்கீங்க, நல்ல மனுஷன்னு எனக்குக் கும்புடு போட்டாங்க. நான் என்ன பண்ணுறது? நானும் கும்புட்டேன். இவ பக்கத்துல நின்னு, "ஆமாங்க, நல்லவரு"ன்னா.

அன்னைக்குச் சாப்பாட்டுல உக்காந்தப்ப கேட்டுட்டேன். ஏன்டி, வேற எதாவது சொல்லக் கூடாதா, எல்லாருகிட்டயும் கீறுனேன் கீறுனேன்னு ஏன் பாட்டுப் பாடுறேன்னு. சோறு போட்டுக்கிட்டே சொன்னா. "நீங்க சொன்னதத்தான நான் சொல்றேன். மாத்திச் சொல்லணும்னா நீங்கதான் மாத்தணும்."

அப்புறம் ரசம் வேணுமான்னு கேட்டா.

என்ன திமிரு பாருங்க. நான் என்னத்த மாத்துறது? உள்ள இவதான் இருந்தா. இருந்தாளா இல்லியா?

நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது, முடிச்சிட்டா போல. இருங்க, தொறப்பா. நீங்க வெளிய எடுத்துட்டுப் போயி வானத்தப் பாத்து ஒரு படம் எடுத்துப் பாத்துக்கிங்க. ஒரு புள்ளி இருக்காது, அதுல நான் கேரண்டி. ஆனா சார், ஒண்ணு சொல்றேன், வருத்தப்படக் கூடாது. எங்க கத்துக்கிட்டீங்கன்னு மட்டும் அவகிட்ட கேக்காதீங்க. உங்களுக்குத்தான் இப்பத் தெரிஞ்சிருச்சே.